கிணற்று மோட்டாரும் மின்கம்பியும்: வோல்ட், ஆம்பியர் கணக்கு

இறவைப் பாசனம் செய்யும் விவசாயிகள், மோட்டார் சூடேறி எரிந்துபோனால் மோட்டாரையே குறை கூறுவது வழக்கம். காயில் கட்டி மீண்டும் பொருத்துகின்றனர். சில மாதங்களில் அது மறுபடியும் எரிகின்றது. நெல் பால் பிடிக்கும் பருவத்தில் இவ்வாறு நீர் நின்றால் மகசூல் குன்றிவிடும். பல இடங்களில் குற்றம் மோட்டாரில் இல்லை. மெயின் பலகையிலிருந்து கிணறு வரை இழுக்கப்பட்ட கம்பியில் இருக்கின்றது. இதைக் கண்டறியப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

மூன்று அளவுகள்

வாய்க்காலில் நீர் ஓட வேண்டுமாயின் தலைப்பு மேடாகவும் கடைமடை தாழ்வாகவும் இருத்தல் வேண்டும். மின்சாரத்தை ஓடச் செய்யும் அத்தகைய அழுத்தமே வோல்ட் எனப்படும். ஓடும் மின்சாரத்தின் அளவு ஆம்பியர். புல் மண்டிய குறுகிய வாய்க்கால் நீரைத் தடுப்பதுபோல, கம்பி மின்சாரத்திற்குக் காட்டும் தடை ஓம் எனப்படும். இம்மூன்றிற்கும் உள்ள தொடர்பை 1827-ல் வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் என்பாரின் பெயரே தடையின் அளவுக்கு வழங்குகின்றது.

விதிகள் இரண்டே. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை ஓம் கணக்கில் கிடைக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் சக்தி வாட் கணக்கில் கிடைக்கும். 1,000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் 1 யூனிட் ஆகும். 746 வாட் ஒரு குதிரைசக்திக்குச் சமம்.

கம்பியைச் சோதிக்கும் முறை

மெயின் பலகையிலிருந்து 200 மீட்டர் தூரத்திலுள்ள கிணற்றிற்கு ஒரு ஃபேஸ் இணைப்பு சென்றிருப்பதாகக் கொள்வோம். கிணற்றடியில் மோட்டாரைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாகத் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் ஒன்றை இணைத்து ஓடவிடுக. அப்போது பலகையில் 230 வோல்ட், கிணற்றடியில் 200 வோல்ட், கம்பியில் 10 ஆம்பியர் எனக் கருவிகள் காட்டுகின்றன என்க.

ஹீட்டரின் தடை 200-ஐ 10-ஆல் வகுக்க 20 ஓம்; அது பெறும் சக்தி 200 × 10 = 2,000 வாட். வழியில் குறைந்தது 30 வோல்ட். ஆகவே கம்பியின் தடை 30-ஐ 10-ஆல் வகுக்க 3 ஓம்; கம்பியில் வீணாவது 30 × 10 = 300 வாட். நாளொன்றுக்கு 6 மணி நேரம் இவ்வளவு மின்சாரம் ஓடினால், 100 நாட்களில் 180 யூனிட் கம்பியைச் சூடாக்குவதிலேயே கழிகின்றது.

இருக்கவேண்டிய தடை எவ்வளவு?

தாமிரக் கம்பியாயின், மொத்த நீளத்தை மீட்டரில் கணக்கிட்டு 0.018-ஆல் பெருக்கி, கம்பியின் குறுக்களவாகிய சதுர மில்லிமீட்டரால் வகுக்கவேண்டும். அலுமினியத்திற்கு 0.029 கொள்க. மின்சாரம் போய்த் திரும்புவதால் 200 மீட்டர் தூரத்திற்கு நீளம் 400 மீட்டர் என்பதை மறத்தலாகாது.

மேற்கண்ட கிணற்றிற்குச் சென்றது 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியாயின் கணக்குப்படி தடை 2.88 ஓம். சோதனையில் கண்டதும் ஏறத்தாழ அதுவே. எனவே கம்பி பழுதன்று. அத்தூரத்திற்குப் போதாத மெல்லிய கம்பி. 10 சதுர மில்லிமீட்டர் தாமிரமோ 16 சதுர மில்லிமீட்டர் அலுமினியமோ போட்டால் தடை சுமார் 0.72 ஓமாகக் குறையும். 10 ஆம்பியர் ஓடும்போது நஷ்டம் 72 வாட் மட்டுமே.

கணக்கைக் காட்டிலும் சோதனையில் தடை மிகுதியாக வந்தால், வழியில் ஏதோ ஓர் இணைப்புத் தளர்ந்தோ துருவேறியோ இருக்கின்றது என்று அறிக. அரை ஓம் தடையுள்ள முறுக்கு இணைப்பில் 10 ஆம்பியர் ஓடினால் 5 வோல்ட் குறையும்; 50 வாட் வெப்பம் விரற்கடை அளவான அவ்விடத்திலேயே தங்கும். உறை கருகுவதும் தீப்பற்றுவதும் இதனாலேயே.

மோட்டாருக்கு நேரும் தீங்கு

அழுத்தம் குறைந்தால் மோட்டாரின் திருகுவிசை வோல்ட்டின் வர்க்கத்திற்கேற்பக் குறையும். 230 வோல்ட் வேண்டிய மோட்டாருக்கு 200 வோல்ட்டே கிடைத்தால் விசை முக்காற்பங்காகிவிடும். புறப்படும் சமயத்தில் மோட்டார் வழக்கத்தைவிடப் பன்மடங்கு ஆம்பியரை இழுப்பதால் அப்போது கம்பியில் குறைவும் அதிகம். ஆகவே மோட்டார் சுற்றாமல் உறுமி நிற்கும். ஓடத் தொடங்கினாலும் அதே சுமையை இழுக்க அதிக ஆம்பியர் ஏற்கும். ஆம்பியர் 20 சதவீதம் கூடினால் சுருளில் வெப்பம் 44 சதவீதம் கூடும்.

மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் வகுத்து வருவது சுருளின் தடையன்று; பெருக்கி வருவது முழு வாட்டும் அன்று. அதன் திறன் காரணியையும் சேர்த்துப் பெருக்கவேண்டும். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஏற்கும் மோட்டாரின் திறன் காரணி 0.8 ஆயின், அது பெறும் சக்தி 1,840 வாட். மூன்று ஃபேஸ் மோட்டாராயின் 1.732-ஆலும் பெருக்குக. இந்தச் சிக்கல் வாராதிருக்கவே சோதனைக்கு ஹீட்டர் கூறப்பட்டது.

எச்சரிக்கை

இவ்வளவுகளை உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டே எடுத்தல் வேண்டும். ஈரத்தரையில் நின்று எவரும் கம்பியைத் தொடலாகாது. கிராமப் பொதுக் கிணறுகளின் பொறுப்பாளர்கள், கோடை இறவை தொடங்குமுன் ஆண்டுக்கொரு முறை இச்சோதனை செய்வித்து, ஓம் அளவைப் பதிவேட்டில் எழுதி வைப்பது நலம். சென்ற ஆண்டைவிட எண் ஏறியிருப்பின் எங்கோ இணைப்புக் கெடுகின்றது என்பது அப்போதே விளங்கும். விவசாய இணைப்பிற்குக் கட்டணம் இல்லாத இடத்திலும், எரிந்த காயிலுக்கும் காய்ந்த பயிருக்கும் விலை கொடுப்பவர் விவசாயியே.