விண்டோஸ் இல்லாமல் விண்டோஸ் மென்பொருள்

விண்டோஸுக்கென்று எழுதிய மென்பொருளை லினக்ஸ் கணினியில் போட்டால் ஓடாது. வன்பொருள் வேறு என்பது இதற்குக் காரணமல்ல. பெரும்பாலும் இரண்டிலும் அதே இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசர்தான் இருக்கிறது. கூட்டு, கழி, நினைவகத்தில் வை என்று நிரல் இடும் அடிப்படைக் கட்டளைகளும் ஒன்றேதான்.

தடை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. விண்டோஸ் நிரல் 'பிஇ' என்ற வடிவத்திலும், லினக்ஸ் நிரல் 'ஈஎல்எஃப்' என்ற வடிவத்திலும் கோப்பாகக் கட்டப்பட்டிருக்கும். இது சிறிய தடை. பெரியது இன்னொன்று. கோப்பைத் திறப்பது, சன்னல் வரைவது, எழுத்தைத் திரையில் காட்டுவது ஆகிய எதையும் நிரல் தானே செய்வதில்லை. இயங்குதளத்திடம் கேட்டுப் பெறுகிறது. இப்படிக் கேட்பதற்கான அழைப்புகளின் தொகுதியே ஏபிஐ. விண்டோஸில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. லினக்ஸுக்கு அவற்றில் ஒன்றும் புரியாது.

ஒரு வழி, லினக்ஸுக்குள் மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி, அதில் முழு விண்டோஸையும் நிறுவுவது. அதற்கு விண்டோஸ் உரிமம் வேண்டும். நினைவகமும் நிறையச் செலவாகும். இன்னொரு வழி வைன் என்ற மென்பொருள். நிரலுக்கு விண்டோஸ் தேவையில்லை, கேட்டதற்குச் சரியான பதில் வந்தால் போதும் என்பதே இதன் அடிப்படை.

விண்டோஸில் கோப்பைத் திறக்க நிரல் 'கிரியேட்ஃபைல்' என்று அழைக்கும். வைன் அதே பெயரில் தானே எழுதிய ஒரு செயற்கூறை வைத்திருக்கிறது. அது அழைப்பை வாங்கி, லினக்ஸின் 'ஓபன்' அழைப்பாக மாற்றி, கிடைத்ததை விண்டோஸ் பாணியில் திருப்பித் தருகிறது. நடுவில் சில்லறை வேலைகளும் உண்டு. லினக்ஸில் சி டிரைவ் கிடையாது. வைன் ஒரு சாதாரணக் கோப்புறையையே சி டிரைவ் என்று காட்டுகிறது. விண்டோஸ் நிரல்கள் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். அதனால் பெயர் அப்படியே பொருந்தாதபோது, கோப்புறையில் உள்ள பெயர்களையெல்லாம் வைன் ஒப்பிட்டுத் தேடுகிறது. ஆனால் நிரலின் கணக்குகளை பிராசசர் நேரடியாகவே செய்கிறது. அதனால் பெரிய வேக இழப்பு இருப்பதில்லை.

1993-இல் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை 1994 முதல் அலெக்ஸாண்டர் ஜூலியார்ட் வழிநடத்துகிறார். முதல் நிலையான பதிப்பான 1.0 வெளியானது 2008 ஜூனில். பதினைந்து ஆண்டுகள் எதற்கு? விண்டோஸின் மூலநிரல் பொதுவில் கிடைக்காது. அதைப் பார்த்தவர்கள் வைனுக்கு எழுதக் கூடாது என்பது திட்டத்தின் விதி. இல்லையென்றால் பதிப்புரிமை வழக்கு வரலாம். எனவே ஆவணங்களைப் படித்தும், சின்னச் சின்னச் சோதனை நிரல்களை உண்மையான விண்டோஸில் ஓட்டி, வரும் பதில்களைக் குறித்துக்கொண்டும்தான் எழுத வேண்டும்.

ஆவணமும் எப்போதும் உதவாது. ஒரு அழைப்பு ஆவணத்தில் சொன்னபடி நடக்காமல், விண்டோஸில் வேறு விதமாக நடக்கலாம். நிரல் எழுதியவர் அந்த நடத்தையை நம்பியே எழுதியிருப்பார். அப்போது வைன் ஆவணத்தைப் பின்பற்றினால் நிரல் கவிழ்ந்துவிடும். விண்டோஸின் பிழையையும் பிசகாமல் செய்தாக வேண்டும். ஒத்திசைவு என்பதில் பாதி வேலை இதுதான்.

விளையாட்டுகள் நீண்ட நாள் பெரிய சவாலாக இருந்தன. அவை படம் வரைவதற்கு மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி அழைப்புகளைப் பயன்படுத்துகின்றன. அவற்றை வல்கன் என்ற பொது வரைகலை அழைப்புகளாக மாற்றும் டிஎக்ஸ்விகே வந்தபின் நிலைமை மாறியது. 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வைனையும் இதையும் சேர்த்து புரோட்டான் என்று வெளியிட்டது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி, லினக்ஸில் இயங்கியபடி விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டுவது இதைக் கொண்டுதான்.

எல்லைகளும் உண்டு. இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே நுழையும் டிரைவர்கள் பெரும்பாலும் வைனில் ஓடாது. ஆன்லைன் விளையாட்டுகளில் ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவல் நிரல்கள் பல இந்த வகை. பிராசசரே வேறாக இருந்தால் வைன் மட்டும் போதாது. கட்டளைகளையும் மொழிபெயர்க்க வேண்டும். ஆப்பிள் தன் புதிய மேக் கணினிகளுக்கு 2020-இல் கொண்டுவந்த ரொசெட்டா 2 செய்வது அந்த வேலை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: விண்டோஸ் வைரஸும் ஒரு நிரல்தான். வைனில் அதுவும் ஓடலாம். உங்கள் லினக்ஸ் கோப்புகளைத் தொடவும் செய்யலாம்.

ஒரு விஷயத்தில் வைன் மூலத்தையே முந்துகிறது. விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் நிரல்களை இன்றைய 64-பிட் விண்டோஸ் ஏற்பதே இல்லை. அவற்றில் பலவற்றை வைன் 64-பிட் லினக்ஸில் இன்னும் ஓட்டுகிறது. பழைய கணக்கு நிரலோ விளையாட்டோ புதிய விண்டோஸில் திறக்க மறுத்தால், தூக்கி எறியுமுன் வைனில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.