குழாய் அடைத்தால் தலை வலிக்கும்

கழுத்திலோ மேல் முதுகிலோ தண்டுவடம் அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பி வழியும் நிலையிலும் அடிவயிற்றில் ஒன்றும் தெரியாமல் போகலாம். தலைதான் தெறிக்கும். முகம் சிவந்து, நெற்றியும் கழுத்தும் வியர்த்துக் கொட்டும். இரத்த அழுத்தம் மளமளவென்று ஏறும். ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்கு வரும் ஆபத்து இது. முட்டும் பையால் தூண்டப்பட்ட நரம்புகள் கீழே இரத்தக்குழாய்களை இறுக்கிவிடுகின்றன. அதை அடக்க மூளை இடும் கட்டளையோ காயத்தைத் தாண்டி இறங்குவதில்லை. விட்டால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும்.

உடனே நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீரை வடிக்கச் செருகியிருக்கும் குழாயை யூரின் பை வரை தடவிப் பார்க்க வேண்டும். பல நேரம் அது தொடைக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும். மடிப்பு எதுவும் இல்லையென்றால் உள்ளே அடைப்பு; குழாயையே மாற்ற வேண்டும். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது.

அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா. சிறுநீரிலுள்ள யூரியாவைப் பிளந்து அம்மோனியா ஆக்குகிறது. சிறுநீர் காரமானதும், அதில் கரைந்திருந்த கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட் படிகங்களாகி, உப்புத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் போலக் குழாய்க்குள் படிகின்றன. 16 பிரெஞ்ச் அளவுக் குழாயின் வெளிவிட்டமே சுமார் 5 மில்லிமீட்டர்தான். உள்துளை அதைவிடக் குறுகல். குழாயை உள்ளே நிறுத்தும் நுனி பலூனில் ஒட்டிய ஓடு உதிர்ந்து சிறுநீர்ப்பைக்குள் தங்கினால், அதைச் சுற்றிக் கல் வளரும்.

குழாய் உள்ளேயே இருந்தால் ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி சேர்ந்துவிடும். காய்ச்சலோ நடுக்கமோ இல்லாமல், கல்ச்சர் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் விழுங்குவது வீண். அடுத்து வருவது மருந்துக்கு அடங்காத கிருமி.

ஆகவே, கை இயங்குபவர்களுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தாங்களே குழாய் செருகி, வடித்ததும் எடுத்துவிடுவதே மேல். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் இந்த முறையைக் கிருமிநீக்கக் கட்டுப்பாட்டோடு கடைப்பிடித்தார். சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்று 1972இல் அமெரிக்காவின் ஜாக் லாபிடஸ் சொன்ன பிறகுதான் அது வீட்டுக்குள் வந்தது. இதிலும் சிறுநீர்த்தாரை உராய்ந்து, தழும்பேறிக் குறுகலாம். குழாயில் தடவும் வழுக்கு ஜெல்லியில் கஞ்சத்தனம் கூடாது.

விரல் மடங்காதவர்களுக்கு அடிவயிற்றில் துளையிட்டுக் குழாய் வைப்பார்கள். தாரை தப்பும். கல்லும் அடைப்பும் அங்கேயும் வரும் என்பதால், சில வாரங்களுக்கு ஒருமுறை அதையும் மாற்றியாக வேண்டும்.