மலை ஏறினால் போதுமா? இரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்போம்

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். நாளுக்கு ஒரு படி என்பது கணக்கு. இவ்வூரில் ஆசிரியராகப் பணிபுரியும் நான் ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "மூச்சு வாங்காமல் மலை ஏறுகிறேன், எனக்கு எங்கே பி.பி. வரும்?" இந்த நம்பிக்கை ஆபத்தானது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அளந்தால்தான் தெரியும்.

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது தமனிச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இதயம் விரியும்போது இருப்பது கீழ் எண். 120/80-க்குக் கீழே இருப்பது இயல்பு. வெவ்வேறு நாள்களில் அளந்தும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, அதற்கு மேலும் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம்.

இதில் முக்கியமாக இரண்டு வகைகள். பெரும்பாலோருக்கு வருவது முதல்நிலை வகை. இதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. வயது, பரம்பரை, உப்பு, உடல் பருமன், புகை, மது, உடலுழைப்பின்மை ஆகியவை சேர்ந்து உண்டாக்குகின்றன. இரண்டாம்நிலை வகை சிறுநீரக நோய், தைராய்டு கோளாறு, சில வலி மாத்திரைகள் போன்றவற்றால் வருவது. மூல காரணத்தைச் சரிசெய்தால் அழுத்தமும் குறையக்கூடும்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஆந்திர எல்லையை ஒட்டிய நமக்கு ஆவக்காய் ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் இல்லாமல் மதியச் சாப்பாடு இறங்காது. அவற்றிலுள்ள உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கவனிக்காமல் விட்டால் தமனிகள் தடித்து இறுகும். பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, பார்வைக் குறைவு ஆகியவை பின்தொடரும்.

வகுப்பு முடிந்த கையோடு அளக்க வேண்டாம். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, டீ தவிர்த்து, 5 நிமிடம் சாய்ந்து அமர்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அளவு இயல்புக்கு வந்துவிட்டதென்று மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, இயல்பானதே மாத்திரையால்தான்.

திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனின் பிறந்தநாளை 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். இந்த செப்டம்பர் 5-க்குள் நம் பள்ளி ஆசிரியர்கள் அனைவரும் ஒருமுறை அளந்து, அந்த இரண்டு எண்களையும் நாட்குறிப்பில் எழுதி வைப்போம்.