பந்தி வாளியும் இன்டர்நெட் வேகமும்

இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று போன் செய்து பாருங்கள். "பெரிய பிளானுக்கு மாறிடுங்க மேடம்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதிலாக வரும். நாமும் மாதா மாதம் முன்னூறு, நானூறு ரூபாய் கூடுதலாகக் கட்டத் தயாராகி விடுகிறோம். ஆனால் குறை வெளியே லைனில் இல்லாமல், வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரே ஒரு வார்த்தையில் ஒளிந்திருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது.

வீட்டில் இருந்தபடியே கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுப்பவள் நான். ஒரு கல்யாணத்துக்கு 20 ஜி.பி. வரை படங்களை இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டு, போட்டோகிராபர்கள் லிங்க் அனுப்புவார்கள். எங்களுடையது 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு. கணக்குப்படி அரை மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். போன ஆவணி முகூர்த்த சமயத்தில் எட்டு, ஒன்பது மணி நேரம் ஆயிற்று! ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால், நடுவில் கரண்ட் போய், காலையில் மறுபடி முதலிலிருந்து. "நாளைக்குள்ள முடியலேன்னா வேற ஆள்கிட்ட கொடுத்துடறேம்மா" என்று ஒரு போட்டோகிராபர் சொல்லியே விட்டார். மூன்று வருஷமாக வேலை தருகிறவர்.

இணைப்பு கொடுத்தவர்களிடமிருந்து ஒரு பையன் வந்தான். என் கம்ப்யூட்டரிலேயே ஸ்பீடு டெஸ்ட் போட்டான். 94 என்று காட்டியது. "நம்ம லைன்ல ஒண்ணுமே இல்ல மேடம். வேணும்னா 200 பிளான் போட்டுக்குங்க" என்றான். அவன் காட்டியதும் பொய்யில்லை, நான் படுகிற பாடும் பொய்யில்லை. இது எப்படி?

ஊரிலிருந்து வந்திருந்த என் அக்கா மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு ஜி.பி. அளவுள்ள ஒரே ஃபைலை முதலில் செல்போனில் வைஃபை வழியாக இறக்கினான். இரண்டரை நிமிஷம். அதே ஃபைல் கம்ப்யூட்டரில் இருபத்தைந்து நிமிஷம். "சித்தி, லைனும் ஒண்ணு, ஃபைலும் ஒண்ணு. போன்ல ஓடுது, கம்ப்யூட்டர்ல நொண்டுதுன்னா, பார்க்க வேண்டியது கம்ப்யூட்டரைத்தான்" என்றான். இந்தச் சோதனைக்குக் காசும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

பிறகு கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினான். வரிசையாக வந்த வரிகளில் 'ரிசீவ் விண்டோ ஆட்டோ ட்யூனிங் லெவல்' என்ற வரிக்கு நேராக 'டிஸேபிள்டு' என்று இருந்தது. அங்கே 'நார்மல்' என்று இருக்க வேண்டுமாம்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கல்யாணப் பந்தியில் சாம்பார் பரிமாறுகிறவர் கையில் ஒரு வாளி. அது தீர்ந்ததும் சமையல் கட்டுக்குப் போய் நிரப்பிக் கொண்டு வர வேண்டும். சமையல் கட்டு பக்கத்திலேயே இருந்தால் சின்ன வாளியே போதும். அடுத்த தெருவில் இருந்தால்? இலையில் சாதம் காய்ந்து போகும். அங்கே எத்தனை அண்டா சாம்பார் கொதித்தாலும் பிரயோஜனமில்லை. ஆட்டோ ட்யூனிங் என்பது தூரத்துக்குத் தக்கபடி வாளியைப் பெரிதாக்கும் ஏற்பாடு. அதை அணைத்துவிட்டால், 64 கிலோபைட் என்ற சின்ன வாளிதான் கடைசி வரை.

டிசைன் போடுகிறவளுக்குக் கணக்கு வராதா என்ன, நானே போட்டுப் பார்த்தேன். தூரத்து சர்வருக்குப் போய்த் திரும்ப ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வையுங்கள். செகண்டுக்குப் பத்து நடை. பத்து வாளி சேர்ந்தால் ஐந்து எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்! 200 பிளான் போட்டாலும் அந்த ஒரு டவுன்லோடு ஐந்தைத் தாண்டியிருக்காது. ஸ்பீடு டெஸ்டோ பெரும்பாலும் பக்கத்து சர்வரோடுதான் பேசும். ஒரே நேரத்தில் நாலைந்து வாளிகளையும் எடுத்துக் கொள்ளும். அதனால்தான் அதில் 94 வந்தது.

இந்த வசதி 2007ல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே தானாக இயங்குகிறது. அப்போதிருந்த சில பழைய ரூட்டர்களுக்குப் பெரிய வாளி ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் 'அணைத்து விடுங்கள்' என்று யோசனை சொன்னார்கள். அன்றைக்கு அது சரி. ரூட்டர்கள் மாறிவிட்டன, யோசனை மட்டும் மாறாமல் ஊர் சுற்றிக் கொண்டிருக்கிறது. போன வருஷம் எங்கள் கம்ப்யூட்டரை சர்வீஸ் செய்த கடையில் "ஸ்பீடும் ஏத்தி விட்டிருக்கோம்" என்று நானூறு ரூபாய் தனியாக வாங்கினார்கள். தொல்லை ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்!

நீங்களும் பார்க்க வேண்டுமானால், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வழி ஒன்றே. ஸ்டார்ட்டை அழுத்தி சி.எம்.டி. என்று டைப் செய்து, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் 'நெட்ஷ் இன்டர்ஃபேஸ் டிசிபி ஷோ குளோபல்' என்று அடியுங்கள். முதல் வார்த்தைக்கு எழுத்துகள் என், இ, டி, எஸ், ஹெச். 'நார்மல்' என்று வந்தால் அப்படியே மூடிவிடலாம், எதையும் தொட வேண்டாம். 'டிஸேபிள்டு' என்றால் 'நெட்ஷ் இன்டர்ஃபேஸ் டிசிபி செட் குளோபல் ஆட்டோட்யூனிங்லெவல்=நார்மல்' என்று அடித்து என்டர் தட்டினால் 'ஓகே' என்று வரும். கடைசி வார்த்தைகளுக்கு நடுவே இடம் விடக் கூடாது.

அடுத்த கல்யாணத்தின் 20 ஜி.பி. முக்கால் மணி நேரத்தில் இறங்கியது. போட்டோகிராபர் அண்ணன் இப்போது வளைகாப்பு, காதுகுத்து வேலையையும் சேர்த்து அனுப்புகிறார்!

'விண்டோஸ் உங்கள் வேகத்தில் 20 சதவீதத்தை ஒதுக்கி வைத்துக் கொள்கிறது, அதை விடுவியுங்கள்' என்று ஒரு யோசனையும் சுற்றுகிறதே? எக்ஸ்பி காலத்துக் கதை அது. கேட்கிற புரோகிராம் இருந்தால்தான் அந்த ஒதுக்கீடு. மற்ற நேரத்தில் முழுவதும் நமக்குத்தான் என்று மைக்ரோசாப்டே அப்போது விளக்கம் சொல்லிவிட்டது. டி.என்.எஸ். மாற்றுவதும் இப்படித்தான். ஒரு தளத்தின் விலாசத்தைத் தேடும் நேரம் கொஞ்சம் குறையலாமே தவிர, பெரிய ஃபைல் அதனால் வேகமாக இறங்காது. ஒன்றை மட்டும் பார்த்து வையுங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று போனால், அப்டேட்டுகளை இன்டர்நெட்டில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களோடு பகிர்ந்துகொள்ளும் வசதி இருக்கும். அது ஆன் ஆகியிருந்தால், முகம் தெரியாத யாருக்கோ நம் லைனிலிருந்து அப்டேட் போய்க் கொண்டிருக்கும். டிசைனைத் திருப்பி அனுப்ப நேரமாகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் இதை அணைத்துவிடலாம்.

என் கதையைக் கேட்ட பக்கத்து வீட்டு அக்கா, "என்னோடதையும் பாரேன்" என்றார். அவர் கட்டுவது 300 பிளானுக்கு. ஒரு நாளும் 95ஐத் தாண்டியதில்லை. போய்ப் பார்த்தால் எல்லாம் 'நார்மல்'! செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்தபோது 'லிங்க் ஸ்பீடு' 100 என்று இருந்தது. அந்த கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. ஆயிரம் வரை போக எட்டும் வேண்டும், நூறுக்கு நாலே போதும். கதவிடுக்கில் நசுங்கி நசுங்கி அவருடைய கேபிளில் ஏதோ ஒரு கம்பி போயிருக்கிறது. புதுக் கேபிள் மாற்றியதும் லிங்க் ஸ்பீடு 1000 என்று வந்தது, வேகமும் 280க்கு மேல் ஏறியது. பழைய கேபிளை அக்கா வீணாக்கவில்லை, மொட்டை மாடியில் துணி காயப்போடக் கட்டிவிட்டார்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.