வெப்பம் உயர்கையில் மானாவாரி வயல்களுக்கு நேர்வது

மாரி மழையை நம்பிப் புழுதி விதைப்புச் செய்யும் கமக்காரருக்கு வானம் பொய்ப்பது புதிய அனுபவமன்று. 2016/17 பெரும்போகத்தில் மழை பொய்த்ததும், அதனால் நாட்டின் நெல் உற்பத்தி பெருமளவு வீழ்ச்சியுற்றதும் வாசகர்கள் அறிந்ததே. ஆனால், மழை ஓரளவு கிடைத்த போகத்திலும் வெப்பம் விளைச்சலைக் குறைத்துவிடக் கூடும் என்பது நம்மிடையே அதிகம் பேசப்படாத விடயமாகும்.

நெற்பயிர் பூக்கும் தருணமே வெப்பத்துக்கு மிகவும் அஞ்ச வேண்டிய தருணம் எனலாம். பெரும்பாலும் முற்பகலிலேயே நெற்பூ விரிகின்றது. அவ்வேளையில் வெப்பநிலை 35 பாகை செல்சியஸைத் தாண்டி ஓரிரு மணித்தியாலங்கள் நீடித்தாலே மகரந்தம் செயலிழந்து, கதிர் பதராகிவிடும். கிழக்கின் சிறுபோகத்துக்கு இந்த அபாயம் உண்டு. பெரும்போகமோ மார்கழி, தைக் குளிரில் பூப்பதால் தப்பிவிடுகின்றதல்லவா என்று கேட்கலாம். பகல் வெப்பத்தைப் பொறுத்தவரை அது ஓரளவு சரியே. இரவு வெப்பத்தின் கதை வேறு.

பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் 1992 முதல் 2003 வரை பெறப்பட்ட தரவுகள் 2004இல் வெளியாகின. வரண்ட போகத்தில் இரவின் தாழ்ந்தபட்ச வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தபோது விளைச்சல் ஏறக்குறைய 10 வீதம் குறைந்ததை அவை காட்டின. பகலில் தயாரித்த உணவின் ஒரு பகுதியை இரவுச் சுவாசத்துக்காகப் பயிர் செலவிடுகின்றது. இரவு வெம்மையானால் அச்செலவு கூடுகின்றது. மணி முற்றும் காலமும் குறுகுகின்றது. அவை நீர்ப்பாசன வயல்கள் என்பது குறிப்பிடத்தக்கது. நீருக்குக் குறைவில்லாத இடத்திலேயே இந்நிலையெனில், வானம் பார்த்த வயலின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மானாவாரியின் இரண்டாவது இடர் மண்ணிலேயே தொடங்குகின்றது. ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று ஏறக்குறைய 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் மழை ஓய்ந்த நாட்களில் மண் விரைந்து உலர்கின்றது. பெய்யும்போதோ மழை கொட்டித் தீர்க்கின்றது. முதல் மழைக்கு முளைத்த நாற்று, அடுத்த மழை இரண்டு வாரம் பிந்தினால் கருகிவிடும். மீண்டும் விதைக்க வேண்டும். அதற்கு மீண்டும் கடன், மீண்டும் நகை அடகு. பிந்தி விதைத்த பயிர் மாசி, பங்குனி வெயிலில் பால் பிடிக்கும்போது மழையும் விடைபெற்றிருக்கும். வாகரையிலும் பொத்துவிலிலும் மூதூரிலும் முசலியிலும் இக்கணக்கை யாரும் எவருக்கும் கற்பிக்கத் தேவையில்லை.

சோளச் செய்கையாளரும் இதனைக் கவனத்திற்கொள்வது நன்று. ஆபிரிக்காவில் நடத்தப்பட்ட இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சோளப் பரிசோதனைகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வின்படி, 30 பாகைக்கு மேல் ஒரு பாகை வெப்பம் ஒரு நாள் நீடித்தால், நல்ல மழையிலும் விளைச்சல் 1 வீதம் குறையும்; வரட்சியில் அது 1.7 வீதமாகும். வெப்பமும் நீர்க் குறைவும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குளத்து நீர் பெறுவோருக்கு ஆரம்பக் கூட்டத்தில் திகதி குறிக்கப்படுகின்றது. மானாவாரிக்காரருக்கு வானமே திகதி குறிக்கின்றது. எனவே, விதைப்புக்கு முன்னரே பிரதேச மட்டத்திலான மழை எதிர்வுகூறல் கமநல சேவை நிலையங்கள் ஊடாகத் தமிழில் அவர்களைச் சென்றடைய வேண்டும். பிந்திய விதைப்புக்கு உதவும் பீ.ஜீ. 250 போன்ற இரண்டரை மாத இனங்களின் விதைநெல் உரிய வேளையில் கையிருப்பில் இருத்தல் வேண்டும். காப்புறுதி விடயத்தையும் நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். வெள்ளமும் வரட்சியும் காட்டு யானையும் செய்யும் அழிவைக் கண்ணால் கண்டு மதிப்பிடலாம். வெம்மையான இரவுகள் மணியின் நிறையில் செய்யும் குறைவை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்குச் சம்பந்தப்பட்டோர் விடை காண வேண்டும்.