வெயில் ஒவ்வாதாரும் கடற்கரையும்

ஞாயிற்றுக் கடவுளின் மனைவியாகிய சஞ்ஞை, தன் கணவனின் வெம்மையைப் பொறுக்கலாற்றாது, தன் நிழலையே சாயை என்னும் பெண்ணாக்கித் தனக்குப் பதிலாக இல்லத்தில் இருத்திவிட்டுக் காடேகினாள் என்று விட்டுணு புராணம் கூறும். பின்னர் உண்மையுணர்ந்த ஞாயிறு அவளைத் தேடிச் சென்று மீட்டான். தெய்வத் தச்சனாகிய விசுவகன்மன் ஞாயிற்றைச் சாணையிலேற்றி, அவனொளியில் எட்டிலொரு கூற்றைத் தேய்த்துக் குறைத்தான். ஒளியைத் தாங்கலாற்றாதாரும் உலகில் உளர் என்பதையும், அவர்க்கு நிழலே முதற்புகல் என்பதையும் இக்கதை உட்கொண்டிருத்தல் கருதத்தக்கது.

கதையை விடுத்து நம் காலத்துக்கு வருவோம். விடுமுறைதோறும் காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்கும், திருகோணமலையை அடுத்த நிலாவெளிக்கும், மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாவுக்கும் குடும்பங்களும் பள்ளிச் சுற்றுலாக் குழுக்களும் திரளாகச் செல்கின்றன. அக்கூட்டத்துள் ஒருவரோ இருவரோ கடலில் இறங்காது வண்டியிலேயே அமர்ந்திருத்தலைப் பலரும் கண்டிருப்பர். அவர்களைச் சோம்பரென்றும், கூட்டத்தோடு ஒட்டாதாரென்றும் எண்ணுதல் எளிது. யானும் ஒருமுறை அவ்வாறு எண்ணினேன். நிலாவெளிக்குச் சென்றிருந்தபொழுது, உயர்வகுப்பு மாணவன் ஒருவன் வெயிலில் வரமாட்டேன் என்று நின்றான். வெயிலுக்கு அஞ்சுபவன் ஆண்பிள்ளையா என்று எள்ளி, அவனைச் சட்டை களைந்து நீரில் இறங்கச் செய்தேன். அன்றிரவே அவன் மூக்கும் தோள்களும் புறங்கைகளும் தீப்பட்டாற்போற் சிவந்து வீங்கின. மறுநாட் கொப்புளங்கள் எழுந்தன. முகப்பருவுக்காக அவன் நாடோறும் உட்கொண்டுவந்த மருந்தும் நண்பகல் வெயிலும் கூடியே அவனைச் சுட்டன என்று மருத்துவர் கூறினார். பருவுக்கு மருந்துண்பதைத் தோழர் முன் சொல்ல நாணியே அவன் காரணத்தை மறைத்திருந்தான். கேட்டறிய வேண்டியவன் கேளாது விட்டதனால் நேர்ந்த தீங்கு அது. அதன்பின் இப்பொருள் பற்றிக் கற்றறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

கண்ணுக்குப் புலனாகாக் கதிர்

ஞாயிற்றொளி ஏழு நிறங்களோடு முடிவதன்று. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஏர்செல் என்பார், நிறமாலையில் செந்நிறத்துக்கு அப்பால், ஒளி புலப்படாத இடத்திலும் வெப்பமானி உயர்தலைக் கண்டார். அடுத்த ஆண்டில் யோகான் வில்லெம் இரிற்றர் என்னும் செருமானியர், ஊதா நிறத்துக்கு அப்பால் வைத்த வெள்ளிக் குளோரைட்டு விரைந்து கருத்தலைக் கண்டார். முன்னையது செந்நிறக்கீழ்க் கதிர். அது வெம்மையாக உணரப்படும். பின்னையது ஊதாக்கடந்த கதிர். அது கண்ணுக்கும் புலனாகாது, வெம்மையாலும் அறியப்படாது. தோலைச் சுடுவது இப்பின்னையதே.

இவ்வேறுபாட்டை உணராமையே பல துன்பங்களுக்குக் காரணம். கடற்காற்று வீசுங்கால் உடல் குளிர்கின்றது; ஆகவே வெயில் தணிந்தது என்று எண்ணுகின்றோம். தணிந்தது வெம்மை உணர்ச்சியேயன்றி ஊதாக்கடந்த கதிரன்று.

ஊதாக்கடந்த கதிர் மூவகைப்படும். 280 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுடைய குறுங்கதிர்களை வளிமண்டலம் முற்றும் தடுத்துவிடும். 280 முதல் 315 வரையுள்ள இடைக்கதிர்கள் ஓசோன் படையாற் பெரும்பாலும் தடுக்கப்படினும், எஞ்சி வருவன தோலின் மேற்படையை எரிக்கின்றன. 315 முதல் 400 வரையுள்ள நெடுங்கதிர்கள் தோலின் உட்படைவரை ஊடுருவுவன. சாளரக் கண்ணாடியும் அவற்றை முற்றாகத் தடுப்பதில்லை. மருந்துகளால் உண்டாகும் ஒளியொவ்வாமைக்குப் பெரும்பாலும் இந்நெடுங்கதிர்களே காரணமாம். ஆதலின் ஒவ்வாமை உடையார், வண்டிக்குள் கண்ணாடியோரம் அமர்ந்திருப்பதால் முழுக்காப்பும் பெற்றாரல்லர்.

கருமேனியர்க்கு இத்தீங்கு இல்லை என்பாருமுளர். தோலிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் கதிர்களை உறிஞ்சிக் காப்பது உண்மையே. ஆயின் அக்காப்பு ஓரளவினதேயாம். கருமேனியும் எரியும், சிவப்பு எளிதிற் புலப்படாமையால் எரிவு அறியப்படாது போகின்றது என்பதே வேற்றுமை.

கடற்கரையின் தனி இயல்பு

நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 6 முதல் 10 பாகை வரையிலுள்ளது. ஆதலின் ஆண்டில் இருமுறை ஞாயிறு நம் தலைக்கு நேராக நிற்கும். யாழ்ப்பாணத்தில் ஏப்பிரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ற் பிற்பகுதியிலும் அது நிகழும். கீழ்க்கரைக் கடல் அமைதியுற்றிருக்கும் ஓகஸ்ற் மாதத்தில் நிலாவெளியை நாடுவோர், கதிர் மிகக் கூரிதாய் இறங்கும் பருவத்தையே தேர்ந்து செல்கின்றனர்.

கதிரின் வலுவை அளக்க ஊதாக்கடந்த கதிர்ச் சுட்டெண் ஒன்று வழங்கப்படுகின்றது. 1992இற் கனடா நாட்டில் தோன்றிய இம்முறையை உலக சுகாதார நிறுவனம் பின்னர் எங்கும் பரப்பியது. இரண்டும் அதனினுங் குறைந்ததும் மென்மை. எட்டு முதல் பத்து வரை மிகக் கடுமை. பதினொன்றும் அதற்கு மேற்பட்டதும் உச்சக் கடுமை. நம் நாட்டில் முகிலற்ற நண்பகலில் இவ்வெண் பதினொன்றைத் தாண்டுதல் அருமையன்று. கருவியில்லாதார்க்கு நிழலே அளவுகோலாகும். ஒருவரின் நிழல் அவர் உயரத்தினுங் குறுகியிருக்குமாயின் கதிர் கடுமையானது, நீண்டிருக்குமாயின் தணிந்தது.

கடற்கரையிற் கதிர் மேலிருந்து மட்டும் வருவதன்று. உலர்மணல் தன்மேல் விழும் ஊதாக்கடந்த கதிரில் நூற்றுக்கு 15 அளவையும், கடல்நுரை 25 அளவையும் திருப்பியெறியும். நீருள் அரை மீற்றர் ஆழத்திலும் மேற்பரப்புக் கதிரில் நூற்றுக்கு 40 அளவு எஞ்சியிருக்கும். மேலும், திறந்த வானம் எத்திசையினின்றும் கதிரைச் சிதறச் செய்கின்றது. ஆகவே சவுக்கின் ஐதான நிழலோ, ஒற்றைத் தென்னையின் நிழலோ முழுப்புகலாகாது. வானம் மிகுதியாகத் தெரியும் நிழல் அரைநிழலே. கூரையும் சுவரும் உடைய கொட்டிலின் நிழலே நிறைநிழல்.

ஒவ்வாமையின் வகைகள்

முதலாவது, மருந்தால் வருவது. முகப்பருவுக்கும், எலிக்காய்ச்சல் வராது தடுத்தற்பொருட்டு வயலில் இறங்குவார்க்கும் கொடுக்கப்படும் டொக்சிசைக்கிளின், குருதியமுக்கத்துக்குரிய ஐதரோகுளோரோதயசைட்டு, இதயத்துடிப்பைச் சீர்செய்யும் அமியோடரோன் முதலியன இத்தகையன. இவற்றை உண்பார் அனைவரும் எரிவுறுவரல்லர். உறுவார் யாவரென முன்னறிதலும் அரிது. அதுபற்றி மருந்தைத் தாமே நிறுத்துதல் பெருந்தவறு. பயணத்துக்கு முன் மருத்துவரிடமேனும் மருந்தாளரிடமேனும் வினவுதலே முறை.

இரண்டாவது, தாவரச் சாற்றால் வருவது. தேசிக்காய்ச் சாறு தோலிற் பட்டு அதன்மேல் வெயிலும் படின், ஓரிரு நாளில் அவ்விடம் எரிந்து கொப்புளிக்கும். பின் கருந்தழும்பு பல வாரம் நிற்கும். சாறு வழிந்த வழியே கோடு கோடாகத் தோன்றுதலால் இதனைச் சாட்டையடித் தழும்பென்று மயங்குவாருமுளர். கடற்கரையிற் கரைசல் கலக்க விரும்புவோர் தேசிக்காயை வீட்டிலேயே பிழிந்து கொணர்தலும் கைகழுவுதலும் நன்று.

மூன்றாவது, பல்லுருவ ஒளித்தடிப்பு எனப்படுவது. வெயில்பட்ட சில மணி நேரத்துள் அல்லது மறுநாள், சொறியோடு கூடிய சிறு தடிப்புக்கள் எழும். வெயிலினின்றும் ஒதுங்கியிருப்பின் சில நாளில் தானே அடங்கும்.

நான்காவதாகிய லூபசு கடியது. உடலின் காவற்படை தன் உடலையே பகைக்கும் இந்நோய் உற்றாருள் பத்துக்கு ஒன்பதின்மர் பெண்டிர். வெயில் இவர்தம் கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி வடிவாய்த் தடிப்பை எழுப்புவதோடு அமையாது, மூட்டுக்களிலும் சிறுநீரகத்திலும் அடங்கிக் கிடந்த நோயையும் கிளறிவிடக்கூடும். ஈண்டு ஒரு விந்தை உண்டு. ஒளியால் நோய் தீர்க்கும் முறைக்காக 1903இல் நோபல் பரிசு பெற்ற நீல்சு பின்சன் குணப்படுத்திய நோய்க்கும் லூபசு என்றே பெயர். ஆயின் அது தோலிற் பற்றும் காசநோய். பெயரொன்றாயினும் ஒன்றுக்கு மருந்தாகிய ஒளி மற்றொன்றுக்கு நஞ்சாயிற்று.

ஐந்தாவது, பிறவியிலேயே மெலனின் குன்றிய வெண்மேனியர் நிலை. இவர்க்குத் தோலெரிவும், நாட்பட்ட வெயிலால் தோற்புற்றும் நேரும் அபாயம் மிகுதி, கண்ணும் கூசும். இவர்தம் நிறம் தொற்றுவதுமன்று, சாபமுமன்று. எனினும் கடற்கரையில் இவரை வெறித்துப் பார்க்கும் கண்கள் வெயிலினுங் கொடியன.

காக்கும் வழிகள்

காலமறிதல் முதல் வழி. காலை எட்டரை மணிக்கு முன்னும் மாலை நான்கரை மணிக்குப் பின்னும் கடலாடலாம். கீழ்க்கரையில் ஞாயிறு கடலினின்றும் எழும் காட்சியே காணத்தக்கது. அதனைக் காண விழைவார் இயல்பாகவே நல்ல பொழுதிற் சென்றவராவர். ஆடி அமாவாசையன்று கீரிமலையில் நீராடச் செல்லும் ஒவ்வாமையுடையாரும் விடியலிற் சென்று மீளுதல் நன்று.

உடை இரண்டாவது. வெப்பத்துக்கு வெள்ளாடை ஏற்றதென்பது நம் வழக்கு. ஊதாக்கடந்த கதிருக்கோவெனின், நெருங்க நெய்த கருநிறத் துணியே மிகுந்த காப்பு. மெல்லிய வெண்பருத்தி ஓரளவே தடுக்கும். நனைந்தவழி அதனினுங் குறையத் தடுக்கும். நனைந்த வேட்டியையோ மெல்லிய சேலையையோ போர்த்துக்கொண்டு காப்புற்றதாக எண்ணுதல் கூடாது. முழுக்கைச் சட்டையும், காதையும் பிடரியையும் மறைக்கும் அகன்ற விளிம்புத் தொப்பியும் வேண்டும். முன்நீட்டிய விளிம்பு மட்டுமுடைய தொப்பி காதைக் காவாது. நம் ஆசிரியர் கையிற் பண்டு நீங்காதிருந்த கறுப்புக் குடை நகைக்கத்தக்க பொருளன்று. ஆயினும் மணலினின்றும் மீளுங் கதிரை அது தடுக்காது.

பூச்சு மூன்றாவது. பூச்சுக்களின்மேற் பொறிக்கப்பட்ட காப்பெண் 30 ஆயின், எரிக்கும் கதிரில் முப்பதிலொரு பங்கே உட்செல்லும் என்பது பொருள். ஆயின் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசிய வழியே அவ்வெண் மெய்யாகும். வளர்ந்தவர் ஒருவரின் உடல் முழுதும் பூச ஏறத்தாழ 30 கிராம் வேண்டும். பெரும்பாலார் பூசுவது இதனிற் பாதியுமில்லை. இரண்டு மணிக்கொருமுறையும், நீராடித் துவட்டிய பின்னும் மீளப் பூசுதல் வேண்டும். நெடுங்கதிரையும் தடுக்குமெனக் குறித்த பூச்சையே ஒவ்வாமையுடையார் கொள்க. தேங்காயெண்ணெய் போதிய காப்பாகாது.

இவ்வளவும் பூசுதற்கு ஆகும் செலவு சிறிதன்று. ஆதலின் துணியால் மறைக்கத்தக்க இடத்தைத் துணியால் மறைத்து, முகம், காது, பிடரி, புறங்கை, புறவடி ஆகியவற்றுக்கு மட்டும் பூச்சைக் கொள்ளுதல் சிக்கனமான வழி. இதனாற் பிறிதொரு நன்மையுமுண்டு. சில பூச்சுக்களிலுள்ள ஒட்சிபென்சோன் முதலியன பவளப் பாறைகளுக்குத் தீங்காகும் என்ற அச்சத்தால், அவற்றின் விற்பனையைத் தடுக்கும் சட்டத்தை அவாய் மாநிலம் 2018இல் இயற்றி 2021இல் நடைமுறைப்படுத்தியது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவும் பவளப் பாறைகள் சூழ்ந்ததே. துணி கடலைக் கெடுப்பதில்லை.

இத்துணை காத்தும் எரிவு நேரின், உடனே நிழலுக்கு வந்து, குளிர்ந்த நீரால் நனைத்து, நீர் மிகுதியாக அருந்துக. கொப்புளத்தை உடைத்தல் ஆகாது. காய்ச்சலோ மயக்கமோ பரந்த கொப்புளமோ கண்டால் மருத்துவரை நாடுக. லூபசு உடையார் தடிப்பொன்று கண்டாலும் தாழ்த்தலாகாது. வெயிலை நெடுங்காலம் விலக்கி வாழ்வார்க்கு விற்றமின் டீ குறைதல் கூடுமாதலின், அதுபற்றியும் மருத்துவரை வினவுதல் வேண்டும்.

உடன்செல்வார் கடமை

மேற்கூறியன யாவும் ஒவ்வாமையுடையார் தாமே செய்துகொள்வன. ஆயின் சுற்றுலாவின் நேர அட்டவணையை அவர் வகுப்பதில்லை, நாம் வகுக்கின்றோம். பத்து மணிக்குக் கடற்கரை சேர்ந்து இரண்டு மணிக்கு மீளும் பயணம் அவரை வண்டிக்குள் அடைத்துவிடும். விடியலில் நீராடி, நண்பகலை உணவுக்கும் ஓய்வுக்கும் ஒதுக்கி, மாலையில் மீண்டும் கரைக்கு வரும் பயணம் அவரையும் நம்மோடு கடலில் இறக்கும். செலவு இரண்டுக்கும் ஒன்றே. புறப்படுமுன் ஒவ்வொருவரையும் தனித்தழைத்து, மருந்தேதும் உண்கின்றாரோ, வெயில் ஒவ்வாதோ என வினவுதற்கு அரை மணி நேரம் போதும். பலர் முன்னிலையிற் கேட்பின் உண்மை வாராது. தனித்துக் கேட்பின் வரும். அம்மாணவனிடம் யான் அவ்வாறு கேட்டேனல்லேன்.

சஞ்ஞை பொறுக்கலாற்றாள் என்பதறிந்து, உலகுக்கெல்லாம் ஒளி வழங்கும் ஞாயிறே தன்னொளியில் எட்டிலொன்றைக் குறைத்துக்கொள்ள இசைந்தது. உடன்வரும் ஒருவர்பொருட்டு நம் பயணப் பொழுதிற் சிறிது மாற்றிக்கொள்ளுதல் நமக்கு அரிதாமோ?