இரட்டைச் சுவர்க் கூடை

அமெரிக்காவின் செரோக்கி மக்கள் முடையும் கூடைகளில் ஒரு வகைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சுவர்கள் உண்டு. இரண்டையும் தனித்தனியே செய்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுவதில்லை. முடைபவர் உட்புற அடியில் தொடங்குவார். மூங்கில் பிளாச்சுகள் சாய்வாகப் பின்னிக்கொண்டு மேலே ஏறும். வாய் விளிம்புக்கு வந்ததும் அவற்றை வெளிப்பக்கம் மடித்து, அதே பிளாச்சுகளால் வெளிச்சுவரை மேலிருந்து கீழாக முடைந்து, அடியில் வேலையை முடிப்பார். ஆணியோ பசையோ இல்லாமலே கூடை கெட்டியாக நிற்கும்.

இந்த வேலை ஒருமுறை கிட்டத்தட்டக் கைவிட்டுப் போய்த் திரும்பி வந்தது. வந்த விதத்தைப் பார்த்தால் ஒரு கைவேலைக்கும் ஒரு மொழிக்கும் எது உயிர் கொடுக்கிறது என்பது விளங்கும்.

மூங்கிலிலிருந்து பிளாச்சு வரை

கூடைக்கான மூலப்பொருள் ரிவர்கேன். வட அமெரிக்க மண்ணுக்கே உரிய மூங்கில் இது. ஆற்றங்கரைகளில் அடர்ந்து வளரும். நன்கு முற்றிய, நேரான கழியைத்தான் வெட்டுவார்கள். அதை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, உள்ளே இருக்கும் சதையை உரித்துவிட்டு, பளபளக்கும் மேல்தோலோடு கூடிய மெல்லிய பட்டையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். பிறகு கத்தியால் சுரண்டி ஒரே கனத்துக்குக் கொண்டுவருவார்கள். ஓரங்களைச் சீவி ஒரே அகலமாக்குவார்கள். பிளாச்சு தடித்திருந்தால் பின்னல் அந்த இடத்தில் புடைக்கும். அளவுக்கு மீறி மெலிந்தால் விளிம்பில் மடிக்கும்போது முறியும்.

அடுத்தது சாயம். கறுப்பு வால்நட் மரம் ஆழ்ந்த பழுப்பு நிறத்தைத் தரும். பட்டர்நட் மரம் கறுப்பைத் தரும். பிளட்ரூட் என்ற சிறு காட்டுச்செடியின் கிழங்கிலிருந்து செம்மஞ்சள் கிடைக்கும். வழவழப்பான மேல்தோலில் சாயம் லேசில் பிடிக்காது என்பதால் பிளாச்சுகளைப் பல மணி நேரம் சாயநீரில் கொதிக்க விடுவார்கள்.

கோலம் கூடையின் மேல் வரையப்படுவதில்லை. ஒரு பிளாச்சு எத்தனை பிளாச்சுகளுக்கு மேலே போகிறது, எத்தனைக்குக் கீழே நுழைகிறது என்ற எண்ணிக்கைதான் சாய்சதுரமாகவும் வளைவாகவும் தெரிகிறது. எண்ணிக்கை ஓரிடத்தில் பிசகினால் அதற்குப் பின்னால் வரும் கோலம் முழுவதும் விலகிப்போகும். இரட்டைச் சுவரில் இன்னொரு நுட்பமும் உண்டு. உட்சுவரை முடையும்போது பளபளப்பான முகம் கூடையின் உள்பக்கம் பார்த்திருக்கும். விளிம்பில் மடித்ததும் அதே முகம் வெளிப்பக்கம் திரும்பிவிடும். அதனால் உள்ளே பார்த்தாலும் வெளியே பார்த்தாலும் கூடை மின்னும்.

புகைப்படத்தைப் பார்த்து மீட்ட வேலை

1838-39இல் அமெரிக்க அரசு சுமார் 16,000 செரோக்கி மக்களைத் தென்கிழக்கில் இருந்த சொந்த மண்ணிலிருந்து விரட்டியது. இன்றைய ஓக்லஹோமா வரை நடந்த அந்தப் பயணத்தில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். கண்ணீர்ப் பாதை என்று வரலாறு அதைக் குறிக்கிறது. போன இடத்தில் பழைய மூங்கில் அரிது. அங்கே பக்பிரஷ், ஹனிசக்கிள் கொடிகளால் கூடை முடையப் பழகினார்கள். வட கரோலினா மலைகளில் தங்கிவிட்டவர்களின் வழிவந்தோரே இன்றைய கிழக்குச் செரோக்கிகள். அவர்களிடம் மூங்கில் கூடை நிலைத்தது. ஆனால் இரட்டைச் சுவர் முடையத் தெரிந்தவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகிப் போனார்கள்.

1720களில் தென் கரோலினாவின் ஆளுநராக இருந்த பிரான்சிஸ் நிக்கல்சன் வழியாக லண்டன் சென்ற ஒரு கூடை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தது. லாட்டி ஸ்டாம்பர் என்ற செரோக்கிப் பெண்மணி 1937 முதல் பள்ளியில் கூடை முடையக் கற்றுக்கொடுத்தவர். லண்டன் கூடையின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு இரட்டைச் சுவரின் வழியை அவர் கண்டறிந்தார். பிறகு மாணவிகளுக்குக் கற்பித்தார். மியூசியம் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் அந்தக் கூடையைக் காத்தது உண்மை. ஆனால் படத்தைப் பார்த்ததும் பின்னலைப் படிக்கும் கண்ணும், ஒற்றைச் சுவர்க் கூடையில் தேர்ந்த கையும் செரோக்கி ஊரில் மிச்சம் இருந்ததால்தான் அந்தப் படத்துக்குப் பயன் கிடைத்தது.

கூட்டிச் சேர்க்கும் விழாக்கள்

அத்தகைய கைகள் மிஞ்சியதில் ஊர் விழாக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வட கரோலினாவின் செரோக்கி ஊரில் 1914 முதல் நடக்கும் இலையுதிர்காலக் கண்காட்சியில் கூடை, மண்பாண்டம், மரச்செதுக்கு, விளைபொருள் எல்லாம் போட்டிக்கு வரும். கோலால் பந்தாடும் ஸ்டிக்பால் ஆட்டமும் நடக்கும். 1946இல் கலைஞர்கள் சேர்ந்து தொடங்கிய குவாலா கைவினைக் கூட்டுறவு ஆண்டு முழுவதும் விற்பனைக்கு வழி செய்தது. ஓக்லஹோமாவின் டாலக்வா நகரில் 1953 முதல் செரோக்கி தேசிய விழா நடக்கிறது. 1839 செப்டம்பர் 6 அன்று கையெழுத்தான செரோக்கி அரசமைப்புச் சட்டத்தின் நினைவாக, ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் தொடக்கத்தில் தூர ஊர்களில் இருப்பவர்களும் அங்கே வந்து கூடுகிறார்கள். மேசையில் வைத்த கூடையை இன்னொரு கைதேர்ந்தவர் புரட்டிப் பார்ப்பார் என்ற எண்ணம் முடைபவரின் தரத்தைக் கீழே இறங்க விடாது. சிறுமி ஒருத்திக்கு யாரிடம் போய்க் கற்பது என்பதும் அங்கேதான் தெரியவரும்.

கையிலிருந்து வாய்க்கு

மொழியின் கதையும் இதே வழியில் போகிறது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத வெள்ளிக் கொல்லர் செக்குவாயா 1821இல் தம் மொழிக்கு ஓர் எழுத்து முறையை உருவாக்கி முடித்தார். இன்று வழங்கும் எழுத்துகள் 85. ஒன்றைத் தவிர ஒவ்வொன்றும் ஓர் அசை. தமிழில் 'கி', 'கு' இரண்டிலும் 'க' தெரியும். செரோக்கியில் அப்படியில்லை, ஒவ்வோர் அசைக்கும் தனி வடிவம். சில ஆண்டுகளில் மக்களிடையே எழுத்தறிவு வேகமாகப் பரவி, 1828இல் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' அமெரிக்கப் பழங்குடியினரின் முதல் செய்தித்தாளாக, செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

எழுத்து இருந்தும் பேசுவோர் குறைந்தார்கள். ஓக்லஹோமாவில் சரளமாகப் பேசுவோர் சுமார் 2,000 பேர், வட கரோலினாவில் 200 பேர் அளவே என்ற நிலையில், 2019இல் மூன்று செரோக்கி அரசுகளும் சேர்ந்து மொழிக்கு அவசரநிலை அறிவித்தன. மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

இந்த மொழியை ஏட்டிலிருந்து மட்டும் கற்பது கடினம். 'கொடு' என்று சொல்ல ஒரே வினை போதாது. கொடுப்பது நீர்மமா, உயிருள்ளதா, துணிபோல் மடங்குவதா, கம்புபோல் நீண்டு விறைத்ததா, இவற்றில் சேராத வேறு பொருளா என்பதைப் பொறுத்து வினைவடிவம் மாறும். கையில் பொருள் மாறி மாறி வர, கூடவே காதில் சொல் விழுந்தால்தான் அது தானாக நாவில் வரும்.

இதை உணர்ந்துதான் அந்த மூன்று செரோக்கி அரசுகளில் ஒன்று, வயதுவந்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, வாரம் 40 மணி நேரம் என இரண்டு ஆண்டுகள் முதியவர்களோடு அமர்ந்து பேசிக் கற்கச் செய்கிறது. குழந்தைகளுக்குச் செரோக்கி வழிப் பள்ளிகள் உள்ளன. கூடை வேலைக்காக, முன்பிருந்ததில் 2 சதவீதமே மிஞ்சியதாக மதிப்பிடப்படும் மூங்கில் காடுகளைக் கிழக்குச் செரோக்கிகள் மீண்டும் வளர்க்கிறார்கள். விழா ஆர்வத்தை மூட்டும். அந்த ஆர்வத்தோடு வருபவருக்கு வெட்ட மூங்கிலும், கற்றுக்கொடுக்க ஆளும், கற்கும் காலத்துக்குச் சோறும் கிடைக்க வேண்டும். பண்பாட்டைக் காப்பதற்காகச் செலவிடும் பணத்தில் பெரும்பங்கு இந்த மூன்றுக்கும் போக வேண்டும் என்பதே செரோக்கி அனுபவம் சொல்லும் பாடம்.